‘பொறுமையான சிஸ்டர்’னு இனிமே சொல்லாதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர் இணைப்புல, அவங்கவங்க பலத்தைக் கண்டுபிடிச்சா வேலைக் களைப்பை வெல்லலாம்னு வந்த கட்டுரையை நைட் டூட்டி முடிச்சு வந்து டீ குடிச்சிக்கிட்டே படிச்சேன். அப்பவே எழுதணும்னு தோணுச்சு, இன்னிக்குத்தான் வீக் ஆஃப் கிடைச்சுது, துணியை ஊற வெச்சுட்டு உக்காந்துட்டேன். கொஞ்சம் நீளமாத்தான் வரும். வெட்டுறதா இருந்தா நடுவுல எங்கயாவது வெட்டிக்கங்க, கடைசியில இருக்கிற பி.கு.வை மட்டும் வெட்டிடாதீங்க.

நான் மதுரையில ஒரு தனியார் ஆஸ்பத்திரியில ஸ்டாஃப் நர்ஸ். ஜிஎன்எம்ங்கிற நர்சிங் டிப்ளமோ முடிச்சு 21 வருஷம் ஆச்சு, அதுல பாதிக்கு மேல மெடிக்கல் வார்டுலயே ஓடிப்போச்சு. என் பேர் போட வேண்டாம், ஆஸ்பத்திரி பேரும் வேண்டாம், ஏன்னு உங்களுக்கே தெரியும்.

முதல்ல ஒரு சின்ன திருத்தம். இந்த வேலைக் களைப்பை, அதான் பர்ன் அவுட்டை, ‘நோய்’னு போட்டிருந்தீங்க. அது நோய் இல்லைங்க. உலக சுகாதார நிறுவனம் 2019 மே மாசம் ஏத்துக்கிட்ட ஐசிடி 11-ங்கிற நோய் வகைப்பாட்டுப் பட்டியல்ல, அது 2022 ஜனவரியில நடைமுறைக்கு வந்துச்சு, அதுல இதை வேலை சம்பந்தப்பட்ட ஒரு நிலைமைன்னுதான் போட்டிருக்காங்க, நோய் இல்லைன்னு தெளிவாவே சொல்லியிருக்காங்க. வேலை இடத்துல நாள்பட்ட அழுத்தம் இருந்து அதைச் சரியா கவனிக்காம விட்டா வர்றதுன்னு விளக்கம். இதுல என்னம்மா பெரிய வித்தியாசம்னு நீங்க கேக்கலாம். நோய்னு சொல்லிட்டா கோளாறு எனக்குள்ள இருக்குன்னு ஆயிடுது, யோகா பண்ணு, மாத்திரை போடு, சரியாப் போயிடும்னு முடிச்சிடலாம். வேலையால வந்ததுன்னு சொன்னா வேலையையும் கொஞ்சம் திரும்பிப் பாக்கணும்ல, அதான் வித்தியாசம்.

எங்க வார்டுல யாரும் பர்ன் அவுட்னு சொல்றதில்லை. ‘சலிச்சுப் போச்சு சிஸ்டர்’ம்பாங்க, ‘வெறுத்துப் போச்சு’ம்பாங்க, ரொம்ப முத்திப் போனா ‘ஒண்ணுமே தோணலை’ம்பாங்க. இந்தக் கடைசி வார்த்தையைக் கேட்டாத்தான் எனக்கு இப்பல்லாம் பகீர்ங்குது. வெறும் அசதின்னா ரெண்டு நாள் லீவு போட்டு அம்மா வீட்டுல போய்ப் படுத்துக்கிட்டு மீன் குழம்பு சாப்பிட்டா தெளிஞ்சிடும். இது அப்படி இல்லை, லீவு முடிஞ்சு பஸ் ஏறும்போதே வயித்தைப் பிசையும்.

1974-ல இதைப் பத்தி எழுதி இந்த வார்த்தையைப் பரப்பி விட்டவர் ஹெர்பர்ட் ஃப்ராய்டன்பெர்கர்னு நியூயார்க்ல ஒரு மனநல நிபுணர். அவர் பாத்தது பெரிய கம்பெனி மேனேஜர்களை இல்லை, ஒரு இலவச கிளினிக்ல வேலை பாத்தவங்களைத்தான். அவரே பகல்ல தன்னோட பிராக்டிஸை முடிச்சுட்டு ராத்திரி அங்க போய் உழைச்சு ஓஞ்சு போனவர். அதனால இது ஏசி ரூம்ல லேப்டாப்பைத் தட்டுறவங்களுக்கு வர்ற பணக்காரச் சலிப்புன்னு எங்க வீட்டுக்காரர் மாதிரி யாரும் நினைச்சிட வேண்டாம். ஃப்ராய்டன்பெர்கருக்கு அப்புறம் கலிபோர்னியாவுல பெர்க்லி யுனிவர்சிட்டியில இருந்த கிறிஸ்டினா மாஸ்லாக்ங்கிற அம்மா 1981-ல இதை அளக்குறதுக்கு ஒரு கேள்வித்தாளே கொண்டு வந்தாங்க. அவங்க கணக்குல இதுக்கு மூணு முகம் இருக்கு, மனசு வத்திப் போறது ஒண்ணு, எதிர்ல இருக்கிற மனுஷனை மனுஷனா பாக்காம ஒரு சாமான் மாதிரி பாக்க ஆரம்பிக்கிறது ஒண்ணு, என்னால உருப்படியா எதுவும் ஆகலைங்கிற நினைப்பு ஒண்ணு.

அந்த ரெண்டாவதைப் படிச்சப்ப எனக்கு ஏழாம் பெட் ஞாபகம் வந்துச்சு.

2023 ஆடி மாசம். ஏழாம் பெட்ல ஒரு பெரியவர் நெஞ்சு சளிக்கு அட்மிட் ஆகி நாலு நாளா இருந்தார். அன்னிக்கு விடியக்காலம் மூச்சு வாங்க ஆரம்பிச்சு ஐசியூக்கு ஷிஃப்ட் பண்ணிட்டோம். காலையில ஒரு ஆறரை இருக்கும், அவர் பொண்ணு ஊர்ல இருந்து முதல் பஸ்ஸைப் பிடிச்சு கையில கஞ்சி ஃபிளாஸ்க்கோட வந்து நிக்குது. அப்பா எங்கன்னு கேட்டுச்சு. நான் கேஸ் ஷீட்ல இருந்து தலையைக்கூட தூக்கலை. “ஏழா? ஏழு ஐசியூ போயாச்சு”ன்னேன். அந்தப் பொண்ணு கத்தியிருந்தாக்கூட எனக்குப் பழக்கம்தான், சமாளிச்சிருப்பேன். அது கத்தலை. கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டு, “எங்கப்பாவுக்குப் பேரு இருக்கு சிஸ்டர்”னு மட்டும் சொல்லிட்டு ஐசியூ பக்கம் போயிடுச்சு.

எனக்கு உடனே உறைச்சிருக்கணும்ல, இல்லை. ஒண்ணுமே தோணலை. இன்டேக் அவுட்புட் சார்ட்டை எழுதி முடிச்சு ஹேண்ட் ஓவர் கொடுத்துட்டு பெரியார் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பஸ் ஏறி உக்காந்த அப்புறம்தான் அந்தப் பெரியவர் பேர் என்னன்னு யோசிச்சேன், வரலை. மாத்திரை கொடுக்கிறதுக்கு முன்னாடி பேரைக் கேட்டு சரிபாத்துட்டுத்தான் கொடுப்போம், நாலு நாளா அந்தப் பேரை என் வாயாலயே சொல்லியிருக்கேன், ஆனா ஞாபகத்துல இல்லை. (அவர் பொழைச்சு வீட்டுக்குப் போயிட்டார், அதையும் சொல்லிடுறேன், இல்லைன்னா படிக்கிறவங்க மனசு அதுலயே நிக்கும்.)

இந்த இடத்துக்கு நான் எப்படி வந்து சேந்தேன்னு யோசிச்சா, என்னோட ‘பலம்’னு எல்லாரும் சொன்ன ஒரு விஷயம்தான் என்னை இழுத்துட்டு வந்து விட்டிருக்கு. பொறுமை. வார்டுல பில்லு ஜாஸ்தின்னு யாராவது சத்தம் போட்டா “சிஸ்டர் நீங்க போய்ப் பேசுங்க, நீங்கதான் பொறுமையா பேசுவீங்க”ம்பாங்க. குடிச்சிட்டு வந்து அட்டெண்டர் பாஸ் இல்லாம உள்ள விடச் சொல்லி தகராறு பண்றவன்கிட்ட நான்தான் போவேன், டாக்டர் கத்துனா வாங்கிக்கிறதும் நான்தான். நைட்டுக்கு வர வேண்டிய பொண்ணு வரலைன்னா “நீங்க பாத்துக்குவீங்கல்ல”ன்னு ஃபோன் வரும், மதியம் ரெண்டு மணிக்கு வந்தவ மறுநாள் காலை எட்டு மணி வரைக்கும் நிப்பேன். காய்ச்ச மரம்தான் கல்லடி படும்னு எங்க அம்மா ஆறுதல் சொல்லும். மரத்துக்கு அது பழமொழி, கால் நரம்பு சுருட்டிக்கிட்டு நிக்கிறவளுக்கு அது என்ன ஆறுதல் சொல்லுங்க.

அந்த வருஷம் ரெண்டு மாசத்துல மூணு சீனியர் ஸ்டாஃப் வேலையை விட்டுட்டாங்க. நிர்வாகம் முழிச்சுக்கிட்டு வெளியில இருந்து ஒரு டிரெய்னரை கூட்டிட்டு வந்துச்சு. உங்க கட்டுரையில இருந்த அதே சரக்குதான், ‘உங்கள் பலத்தைக் கண்டுபிடியுங்கள், களைப்பை வெல்லுங்கள்’. ஆளுக்கொரு சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, உங்க பலத்தை எழுதுங்கன்னார். நான் ‘பொறுமை’ன்னு எழுதினேன். எல்லாரும் கை தட்டினாங்க. அந்த சாரும் ரொம்ப சந்தோஷமா, சூப்பர் சிஸ்டர், இனிமே தினமும் இந்தப் பலத்தை இன்னும் அதிகமா பயன்படுத்துங்கன்னார். எரியுற தீயில எண்ணெயை ஊத்துறார்னு அவருக்கும் தெரியலை, எனக்கும் தெரியலை. பிஸ்கட் பாக்கெட், சர்டிஃபிகேட், குரூப் ஃபோட்டோ, எல்லாம் முடிஞ்சு அன்னிக்கு ராத்திரியும் எனக்கு டபுள் டூட்டி.

விஷயம் மாறுனது வீட்டுலதான். காலேஜ் படிக்கிற எம்பொண்ணு அவ பாடத்துல ஏதோ வருதுன்னு ஒரு கேள்வித்தாளைக் கொண்டு வந்தா. கிறிஸ்டோபர் பீட்டர்சன், மார்ட்டின் செலிக்மன்னு ரெண்டு அமெரிக்க உளவியல்காரங்க 2004-ல மனுஷனோட குணத்துல இருக்கிற பலங்களை 24-ஆ வகைப்படுத்தினாங்களாம், துணிச்சல், நேர்மை, பரிவு, நகைச்சுவை, மன்னிக்கிறது, நன்றி, ஆர்வம் இப்படி. கேள்விக்கெல்லாம் பதில் சொன்னா நமக்கு எது முதல்ல எது கடைசியிலன்னு வரிசையா வரும், காசு கிடையாது. அவ ஒவ்வொண்ணா தமிழ்ல சொல்லச் சொல்ல நான் வெங்காயம் உரிச்சுக்கிட்டே பதில் சொன்னேன்.

ரிசல்ட்டைப் பாத்து எனக்கு முகம் சுருங்கிப் போச்சு. நர்ஸுன்னா பரிவுதான் முதல்ல வரணும்னு நான் நினைச்சுக்கிட்டு இருக்கேன், பரிவு பதினொண்ணாவது. அந்த 24-ல பொறுமைன்னு தனியா ஒண்ணே இல்லை, அதுக்குக் கிட்டத்துல வர்ற சுயக்கட்டுப்பாடு பத்தொன்பதாவது. “அம்மா, நீ எங்களைத் திட்டுற திட்டுக்கு பத்தொன்பதே ஜாஸ்தி”ன்னு அவ ஒரே சிரிப்பு. முதல்ல நின்னது கத்துக்கிற ஆர்வம், அதுக்கு அடுத்தது எதையும் தோண்டித் துருவிப் பாக்குற ஆர்வம்.

கொஞ்ச நேரம் சங்கடமாத்தான் இருந்துச்சு, அப்புறம் யோசிக்க யோசிக்க ஏதோ ஒரு சுமையை இறக்கி வெச்ச மாதிரி ஆயிடுச்சு. இத்தனை வருஷமா பொறுமைன்னு எல்லாரும் பாராட்டினது நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு நின்னதைத்தான். அது பலமே இல்லை, தம் கட்டுறது. தம் கட்டிக்கிட்டு எவ்வளவு நேரம் தண்ணிக்குள்ள இருக்க முடியும். ஆனா படிப்புன்னு வந்தா நான் வேற ஆளு, டிரெய்னிங் காலத்துல ஹாஸ்டல்ல எல்லாரும் தூங்கின பிறகும் இந்த மாத்திரை ஏன் சாப்பாட்டுக்கு முன்னாடி, அந்த மாத்திரை ஏன் பின்னாடின்னு நோட்டுல எழுதிக்கிட்டு இருந்தவ. அந்தப் பொண்ணு எங்க போனான்னு எனக்கே தெரியலை.

இந்தக் கேள்வித்தாளை ஜாதகம் மாதிரி எடுத்துக்காதீங்க. நாமளே நம்மளைப் பத்திச் சொல்றதுதானே, இன்னிக்கு மனசு நல்லா இருந்தா ஒரு பதில், நாளைக்கு வேற பதில். இன்னொண்ணு, பலம் எதுன்னு தெரிஞ்சுக்கிட்டா மட்டும் பெருசா ஒண்ணும் ஆகாது. 2005-ல செலிக்மன் கூட்டாளிங்களோட சேந்து பண்ணின ஒரு ஆராய்ச்சியில ஒரு குரூப்புக்கு உங்க பலம் இன்னதுன்னு சொல்லி, அதை அடிக்கடி பயன்படுத்துங்கன்னு மட்டும் சொல்லி விட்டாங்க. இன்னொரு குரூப்புக்கு முதல்ல வந்த பலங்கள்ல ஒண்ணை ஒரு வாரம் தினமும் ஒரு புது விதத்துல பயன்படுத்தச் சொன்னாங்க. முதல் குரூப்புக்கு வந்த சந்தோஷம் வந்த வழியே போயிடுச்சு, ரெண்டாவது குரூப்புக்கு ஆறு மாசம் கழிச்சும் மனச்சோர்வு குறைஞ்சே இருந்துச்சு. புது விதத்துலங்கிறதுதான் அங்க முக்கியம்னு எனக்குப் படுது. எங்க டிரெய்னர் சொன்னது ‘இன்னும் அதிகமா’, அது வேற.

சரி நம்மளும் பாப்போம்னு ஆரம்பிச்சேன், தினம் ஒண்ணு. முதல் நாள் டூட்டி டாக்டர் பையன்கிட்ட ஒரு ஈசிஜியைக் காட்டி இந்த அலை ஏன் தலைகீழா இருக்குன்னு கேட்டேன், அவன் ஒரு மாதிரி பாத்துட்டு அப்புறம் ஆர்வமாவே சொல்லிக் கொடுத்தான். அடுத்த நாள் ஒண்ணும் நடக்கலை, மூச்சு விட நேரமில்லை. அப்படியே போயிருந்தா நானும் விட்டிருப்பேன். நாலாம் நாளோ அஞ்சாம் நாளோ அந்த ஆட்டோக்காரர் அண்ணன் விஷயம் வந்துச்சு.

அவர் சுகருக்கு ரெண்டாவது தடவையா அட்மிஷன். வரும்போது 380. காலையில 20 யூனிட், ராத்திரி 20 யூனிட் இன்சுலின் வீட்டுல போட்டுக்கணும். ரவுண்ட்ஸ்ல எல்லாரும் ஒரே முடிவா இருந்தாங்க, ஆள் ஊசி போடுறதில்லை, போட்டேன்னு பொய் சொல்றார்னு. பொண்டாட்டியும் அவரைத் திட்டுது. அவர் செவுத்தைப் பாத்துப் படுத்திருந்தார். பழைய நானா இருந்தா ‘ஒழுங்கா ஊசி போடுங்கண்ணே’ன்னு பொறுமையா ஒரு அட்வைஸைப் போட்டுட்டு நகந்திருப்பேன். அன்னிக்கு என்னமோ தோணுச்சு, “அண்ணே, வீட்டுல எப்படி போடுவீங்களோ அதே மாதிரி எனக்குச் செஞ்சு காட்டுங்க, வீட்டுல இருக்கிற ஊசியையே எடுத்துட்டு வரச் சொல்லுங்க”ன்னேன்.

மறுநாள் அந்த அக்கா ஒரு துணிக்கடை மஞ்சப்பையில எல்லாத்தையும் கொண்டு வந்துச்சு. மருந்து பாட்டில் 40, அதாவது ஒரு மில்லியில 40 யூனிட், நம்ம ஊர்ல பாட்டில் பெரும்பாலும் அதுதான். ஆனா சிரிஞ்சோட மூடி ஆரஞ்சு கலர். பாத்ததும் எனக்கு விளங்கிடுச்சு. 40 பாட்டிலுக்கு சிவப்பு மூடி சிரிஞ்சுதான் போடணும், ஆரஞ்சு மூடி 100 மருந்துக்கு. ஆரஞ்சு மூடியில 20 கோடு வரைக்கும் இழுத்தா அந்தப் பாட்டில்ல இருந்து உள்ள போறது வெறும் 8 யூனிட். மனுஷன் ஒரு வேளை விடாம, வயித்துல இடம் மாத்தி மாத்தி, எட்டு எட்டா போட்டுக்கிட்டு இருந்திருக்கார். கடையில எதைக் கொடுத்தாங்களோ அதை வாங்கியிருக்கார், யாரும் மூடியைப் பாக்கச் சொல்லலை, நாங்களும் சொல்லலைங்க.

ரெண்டு சிரிஞ்சையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு தண்ணியை இழுத்துக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு பொண்டாட்டி பக்கம் திரும்பி, “நான் பொய் சொல்லலைல”ன்னார். அந்த அக்கா முந்தானையால மூஞ்சியைத் தொடச்சுக்கிச்சு. (தலைகீழா நடந்தா இன்னும் மோசம், 100 மருந்தை சிவப்பு மூடியில 20 இழுத்தா 50 யூனிட் உள்ள போகும், சுகர் தடால்னு இறங்கி ஆளே மயங்கிடலாம்.)

அன்னிக்கும் அதே நடைதான், அதே கால் வலிதான், அன்னிக்கும் ரெண்டு அட்மிஷன், ஒரு டெத். ஆனா பஸ்ல வரும்போது அந்த அண்ணன் பேர், ஊர், ஆட்டோ எந்த ஸ்டாண்டு, எல்லாம் ஞாபகத்துல இருந்துச்சு.

இங்க வரைக்கும் படிச்சுட்டு, பாத்தீங்களா கட்டுரை சொன்னது சரிதானேன்னு நீங்க சொல்லலாம். பாதி சரி. மீதிப் பாதியைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே.

நான் தனியா தினம் ஒரு புது விஷயம்னு செஞ்சுக்கிட்டு இருந்தா ஒரு மாசத்துல ஓஞ்சிருப்பேன், ஏன்னா பழைய வேலை ஒண்ணும் குறையலையே, அதுக்கு மேல இது. அந்த சமயத்துல எங்களுக்கு ஒரு புது இன்சார்ஜ் அக்கா வந்தாங்க. ரிட்டயர்மெண்ட்டுக்கு கொஞ்ச வருஷம்தான் பாக்கி, எதுக்கும் பதறாத ஆளு. சிரிஞ்சு கதை அவங்க காதுக்குப் போயி என்னைக் கூப்பிட்டாங்க. பாராட்டுவாங்கன்னு போனேன், பாராட்டவே இல்லை, “உனக்கு எந்த வேலை செஞ்சா நேரம் போறது தெரியாது, எந்த வேலைன்னா வயித்தைப் புரட்டும், ரெண்டையும் சொல்லு”ன்னு கேட்டாங்க. இருபது வருஷத்துல என்கிட்ட யாரும் கேக்காத கேள்வி. எல்லாரையும் தனித்தனியா கூப்பிட்டுக் கேட்டாங்க.

ஆடுற மாட்டை ஆடிக் கற, பாடுற மாட்டைப் பாடிக் கறன்னு சும்மாவா சொன்னாங்க. எங்க வார்டுல ஒரு பிரதர், அதாவது ஆண் நர்ஸ், இருக்கான், இருபத்தாறு வயசு, வம்பு பேசுறவங்களைப் பாத்தா அவனுக்கு சோர்வே வராது, உசிலம்பட்டிக்காரன், “என்னண்ணே பிரச்சினை, வாங்க டீ குடிச்சுக்கிட்டே பேசுவோம்”னு தோள்ல கையைப் போட்டு வெளிய கூட்டிட்டுப் போயிடுவான். இத்தனை நாளா அவனை ஸ்டாக் ரெஜிஸ்டர் எழுத வெச்சிருந்தாங்க, நான் வம்புக்காரங்ககிட்ட நின்னுக்கிட்டு இருந்தேன். இன்னொரு சிஸ்டருக்கு எல்லாம் வரிசையா இருந்தாத்தான் மூச்சு வரும், எமர்ஜென்சி டிராலியும் ரெஜிஸ்டரும் அவங்க கைக்குப் போச்சு. எனக்கு ரவுண்ட்ஸ் முடிஞ்ச பிறகு பதினொன்றரையில இருந்து பன்னெண்டேகால் வரைக்கும் டிஸ்சார்ஜ் ஆகுறவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கிற வேலை. சாத்துக்குடியை வெச்சு ஊசி போடப் பழக்குறது, இன்ஹேலரை எப்படி இழுக்கிறது, எந்த மாத்திரையை நிறுத்தவே கூடாது, எல்லாம். அந்த முக்கால் மணி நேரம் என் பெட்டுங்களை வேற ஆள் பாக்கும், சும்மா வாய் வார்த்தையா இல்லை, டூட்டி லிஸ்ட்லயே எழுதி ஒட்டினாங்க. வம்பு பேசுற வேலைக்கும் முறை வெச்சாங்க, பிரதருக்குப் பிடிக்குதுங்கிறதுக்காக அவன் தலையிலயே மொத்தத்தையும் கட்டலை, அவனுக்கும் ஒரு நாள் சலிக்கும்ல.

இதுக்கும் ஒரு ஆராய்ச்சி இருக்கு. அமெரிக்காவுல ஒரு பெரிய மருத்துவக் கல்வி ஆஸ்பத்திரி டாக்டர்கள்கிட்ட எடுத்தது, 2009-ல வந்துச்சு. எந்த வேலை தனக்கு ரொம்ப அர்த்தமுள்ளதுன்னு நினைக்கிறாங்களோ அதுக்கு வேலை நேரத்துல 20 சதவீதமாவது, அதாவது வாரத்துல ஒரு நாள் அளவுக்காவது, ஒதுக்க முடிஞ்சவங்கள்ல 100-க்கு சுமார் 30 பேருக்கு பர்ன் அவுட், அவ்வளவுகூட ஒதுக்க முடியாதவங்கள்ல சுமார் 54 பேருக்கு. நோயாளி பாக்குறது, பாடம் நடத்துறது, ஆராய்ச்சி, எதுவா வேணா இருக்கலாம், அவங்கவங்களுக்குப் பிடிச்சது. இதுல சூட்சுமம் என்னன்னா முழு வேலையும் பிடிச்சதா இருக்கணும்னு இல்லை, அஞ்சுல ஒரு பங்கு போதும். ஒரே நேரத்துல எடுத்த சர்வேதான், ஓஞ்சு போகாதவங்களாலதான் பிடிச்ச வேலைக்கு நேரம் ஒதுக்க முடியுதோன்னும் ஒரு கேள்வி இருக்கு, அதையும் சொல்லிடணும். எனக்குக் கிடைச்சது அந்த அஞ்சுல ஒரு பங்குகூட இல்லை, முக்கால் மணி நேரம்தான். அதுக்கே ஏதோ மூச்சு வந்துச்சு.

ஆனா பாருங்க, அந்த முக்கால் மணி நேரம் என் கையில இல்லை. ஐப்பசி வந்து மழை பிடிச்சுது, டெங்கு வர ஆரம்பிச்சுது, 32 பெட்டும் ஃபுல், நைட்டுக்கு ரெண்டே பேர். இந்திய நர்சிங் கவுன்சில் கணக்கு என்னன்னா சாதாரண ஆஸ்பத்திரி வார்டுல 5 நோயாளிக்கு ஒரு நர்ஸ், டீச்சிங் ஆஸ்பத்திரியா இருந்தா 3-க்கு ஒண்ணு, லீவு போடுறவங்களுக்குப் பதிலா 30 சதவீதம் பேர் கூடுதலா. 32-க்கு ரெண்டு பேர்னா என்ன கணக்குன்னு நீங்களே போட்டுக்கங்க. சொல்லிக் கொடுக்கிற நேரம் போச்சு, ‘இன்னிக்கு ஒரு நாள் சிஸ்டர்’னு ஆரம்பிச்சு ஏழு வாரம் போச்சு. அந்த ஏழு வாரமும் என் பலம் என்கிட்டயேதான் இருந்துச்சு, எங்கயும் போகலை, அதை வெச்சு என்ன பண்றது, பிளேட்லெட் ரிப்போர்ட் வாங்க லேபுக்கு ஓடத்தான் நேரம் இருந்துச்சு. ஒரு நாள் திரும்பவும் ஒரு அம்மாவை ‘பதினாலு’ன்னு கூப்பிட்டேன். நல்லவேளை, இந்தத் தடவை எனக்கே உறைச்சுது.

மாஸ்லாக்கும் மைக்கேல் லீட்டர்ங்கிற இன்னொரு உளவியல்காரரும் சேந்து எழுதினதுல ஆள் ஓஞ்சு போறதுக்கு வேலை இடத்துல ஆறு இடத்துல காரணம் தேடச் சொல்றாங்க, வேலைச் சுமை, நம்ம கையில இருக்கிற முடிவு, உழைப்புக்குக் கிடைக்கிற பலன், கூட இருக்கிறவங்க, நியாயம், நாம நம்புற விஷயமும் செய்ற வேலையும் ஒத்துப் போகுதா இல்லையாங்கிறது. பலத்தைக் கண்டுபிடின்னு சொல்றது இந்த ஆறுல ஒண்ணு ரெண்டைத் தொடும், அவ்வளவுதான். சம்பளத்தை அது தொடாது. உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில சொல்லி, அதுக்கப்புறம் மத்திய அரசு போட்ட கமிட்டி என்ன சொல்லுச்சு, 50 பெட்டுக்குக் கீழ இருக்கிற தனியார் ஆஸ்பத்திரியில கூட நர்ஸுக்கு மாசம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200 பெட்டுக்கு மேல போனா அரசு நர்ஸுக்குச் சமமா கொடுக்கணும்னு. என்கூடப் படிச்சவங்க இருக்கிற எத்தனையோ ஆஸ்பத்திரியில இந்தக் கணக்கைச் சொன்னா சிரிப்பாங்க. மாசக் கடைசியில கேஸ் சிலிண்டருக்குக் கடன் வாங்கிட்டு வந்து நிக்கிற பொண்ணுகிட்ட சார்ட் பேப்பரைக் கொடுத்து பலத்தை எழுதுன்னா அவ என்ன எழுதுவா.

அதுக்காக இதெல்லாம் ஏமாத்து வேலைன்னு நான் சொல்ல வரலை. எனக்கு அது உதவுச்சு, இன்னமும் உதவுது, கார்த்திகை கடைசியில கூட்டம் குறைஞ்சதும் இன்சார்ஜ் அக்கா முதல் வேலையா அந்த முக்கால் மணி நேரத்தைத் திருப்பி லிஸ்ட்ல எழுதினாங்க, நான் கேக்கக்கூட இல்லை. நான் சொல்றது இவ்வளவுதான், பலம் என்னோடது, ஆனா அதைப் பயன்படுத்துற நேரம் டூட்டி லிஸ்ட் போடுறவங்களோடது. கட்டுரையில என்கிட்ட மட்டும் பேசினீங்க, அவங்ககிட்ட ஒரு வரிகூட பேசலை.

இதைப் படிக்கிற நர்ஸுங்க, டீச்சருங்க, பேங்க்ல கேஷ்ல உக்காந்திருக்கிறவங்க, யாரா இருந்தாலும் ஒண்ணு கேட்டுக்கங்க. எதுக்காக உங்களை எல்லாரும் பாராட்டுறாங்களோ அதைச் செஞ்சு முடிச்ச பிறகு உங்களுக்கு எப்படி இருக்குன்னு ஒரு வாரம் பாருங்க. தெம்பா இருக்கா, இல்லை பிழிஞ்சு போட்ட துணி மாதிரி இருக்கா. பிழிஞ்ச துணி மாதிரி இருந்தா அது மத்தவங்களுக்குச் சௌகரியமா இருக்கிற ஒரு குணம், அவ்வளவுதான். அப்புறம், தூக்கமே வரலை, சாப்பாடு இறங்கலை, செத்துப் போயிடலாமான்னு எல்லாம் தோணுதுன்னா அது வேலைச் சலிப்போட நிக்கலை, பலம் கிலம்னு பாத்துக்கிட்டு இருக்காம டாக்டரைப் பாருங்க, இல்லை 14416-க்கு ஃபோன் பண்ணுங்க, மத்திய அரசோட டெலி மானஸ்ங்கிற மனநல உதவி எண், 24 மணி நேரமும் எடுப்பாங்க, காசு இல்லை, தமிழ்லயே பேசலாம். நர்ஸுக்கே இதெல்லாம் சொல்லணுமான்னு நினைக்காதீங்க, எங்களுக்குத்தான் முதல்ல சொல்லணும்.

ஆசிரியர் ஐயா, அடுத்த தடவை இந்த மாதிரி ஒரு கட்டுரை போடும்போது ரெண்டு மூணு நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், ஒரு ஹெச்ஆர் மேனேஜர், இவங்ககிட்ட ஒரே ஒரு கேள்வி கேட்டுப் போடுங்க, உங்க ஸ்டாஃப்ல யாருக்கு எந்த வேலை பிடிக்கும்னு உங்களுக்குத் தெரியுமான்னு.

துணி ஊறிப் போச்சு, போய் அலசணும்.

இப்படிக்கு,
ஒரு ஸ்டாஃப் நர்ஸ்,
மதுரை.

பி.கு.: இன்சுலின் பத்தி எழுதிட்டு இதைச் சொல்லாம விட்டா எனக்குத் தூக்கம் வராது. புதுசா ஊசிக்கு சிரிஞ்சு வாங்கும்போது பாட்டில்ல 40-னு போட்டிருக்கா 100-னு போட்டிருக்கான்னு பாருங்க, 40-னா சிவப்பு மூடி, 100-னா ஆரஞ்சு மூடி. கலங்கலா இருக்கிற இன்சுலின்னா பாட்டிலைக் குலுக்காதீங்க, ரெண்டு உள்ளங்கைக்கும் நடுவுல வெச்சு மெதுவா உருட்டுங்க. ஃபிரிட்ஜ் இருந்தா கதவுப் பக்கம் வைங்க, ஃப்ரீசர்ல வைக்கவே கூடாது, உறைஞ்சு போன மருந்து வேஸ்ட். ஃபிரிட்ஜ் இல்லாதவங்க ஒரு மண்பானையில கொஞ்சம் தண்ணி ஊத்தி, பாட்டிலை ஒரு சின்ன மூடி போட்ட டப்பாவுல போட்டு அதுக்குள்ள நனையாம வைங்க, வெயில் படாத இடமா இருக்கட்டும், பாட்டிலை நேரா தண்ணியில போட்டுடாதீங்க, லேபிள் ஊறி உரிஞ்சு வந்துடும், அப்புறம் 40-ஆ 100-ஆன்னு யாருக்கும் தெரியாது. திறந்த பாட்டிலை நாலு வாரத்துக்கு மேல வெச்சுக்க வேண்டாம், திறந்த தேதியை அட்டைப் பெட்டி மேல பேனாவால எழுதி வெச்சுக்கங்க.